கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

பிப்ரவரி 9, செவ்வாய்

வாசலில் முழங்கால் அளவு பனி. மண்வெட்டியை எடுத்தால் பிடி முறிந்து கையோடு வந்தது. பழைய தட்டு ஒன்றால் தள்ளிவிட்டு வேலைக்குப் போனேன். பார்த்த பால்காரர், அப்பம் சுடுகிறவளுக்குப் பனியும் தட்டில்தான் வேண்டுமா என்று கேட்டார். வாயில் விழுந்தால் தின்றுகொள்ளுங்கள் என்றேன்.

இன்று இரண்டு கலம் சிவப்புப் பயறு. பூரணம் இறுகி வரும்போது தோகிகோ மோந்து பார்த்து "சரி" என்றாள். நானும் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பதுபோல நடித்தேன். நவம்பர் காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கு முகத்துக்கு அலங்காரம், அவ்வளவுதான். தானாக வரும் என்கிறார் டாக்டர். நின்றுபோன பஸ்ஸுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். நாக்கும் பாதி போய்விட்டது. இனிப்பு கொஞ்சம், உப்பு கொஞ்சம், மற்றதெல்லாம் காகிதம். பூரணம் அடிபிடித்தாலும் ஊசிப்போனாலும் எனக்கு ஒன்றுதான்.

இது தோகிகோவுக்கு மட்டும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து அடுப்பில் நிற்கிறவள். என் மூக்கு இப்போது அவள் முகத்தில் இருக்கிறது.

முதலாளிக்குத் தெரிந்தால் தீர்ந்தது. மூக்கில்லாதவளைப் பூரணம் கிண்ட யார் வைத்துக்கொள்வார்கள்? நடுநிலைப் பள்ளியோடு நின்றவள், ஐம்பத்து நாலு வயசு, பதினாறிலிருந்து இந்த அடுப்படியைத் தவிர வேறு இடம் தெரியாது.

மத்தியானம் சின்ன முதலாளி ஷூஹெய் எல்லாரையும் கூப்பிட்டார். எல்லாரும் என்றால் நாலு பேர். போன வாரம் ஒருவர் சைக்கிளில் போனவரைக் காரால் இடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்க நம் கடை அப்பப் பெட்டியோடு போனாராம். திறந்தால் அப்பத்துக்கு அப்பம் கல்யாணத்துக்குப் போடுகிற கொக்குக் குறி. காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர், "என்ன, கொண்டாடறீங்களா?" என்று கேட்டாராம்.

நான் மட்டும் சிரித்தேன். சின்ன முதலாளி முறைத்தார்.

மன்னிப்புக்கென்று தனி அப்பம் போடப் போகிறார். அதற்கு ஒரு குறி வேண்டும், சூட்டுக்கோலால் போடுகிற குறி. எழுத்து கூடாது, எழுதிவிட்டால் அது மனு ஆகிவிடும். பூவும் கூடாது. இரண்டு மூன்று கோட்டுக்கு மேல் போனால் ஆவி பட்ட தோலில் கலங்கிவிடும். பார்த்ததும், நான் செய்தது தப்பு என்று தெரிய வேண்டும். யார் வேண்டுமானாலும் வரைந்து கொடுக்கலாமாம்.

பிப்ரவரி 10, புதன்

சூட்டுக்கோல் மேஜையில் முப்பது வருஷம் உட்கார்ந்த இவாசாகிப் பெரியவர் ஜூன் முடிய நின்றுவிடுகிறார். யார் குறி தேறுகிறதோ, அவர்களுக்கே அந்த மேஜை.

அதற்குக் கை போதும், கண் போதும். மூக்கு வேண்டாம்!

பாத்திரம் கழுவும்போது தோகிகோ காதில் சொன்னாள்: "இது உனக்குன்னே வந்த வேலைடி தவளை. நான் பென்சிலையே தொடமாட்டேன் போ."

வேண்டுமென்றால் வரையேன், முள்ளங்கிக்காலி, உன் தடிக் காலையே வரைந்தால் போதும், எல்லாரும் பயந்து மன்னித்துவிடுவார்கள் என்றேன். ஈரத் துணியால் அடித்தாள்.

பிப்ரவரி 17, புதன்

ஒரு வாரம் யோசித்து ஒன்று வரைந்தேன். குனிந்த முதுகு. ஒரே கோடு, ஏறி, மடங்கி, நீளமாக இறங்கும். எனக்கே பிடித்திருந்தது.

காட்டினேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டார், எடுத்தார். சின்ன முதலாளி உதட்டைக் கடித்துக்கொண்டார். தோகிகோதான் சத்தமாகப் படித்தாள். "ஹே."

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படிக்கிற எழுத்து, அப்படியே என் கோடு. ஹே என்றால் குசு. நான் நிறையப் படிக்காதவள்தான், ஆனால் அதுகூடவா தெரியாமல் போகும்? ஒரு பெட்டி நிறையக் குசுவைக் கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டி, தலையைத் தாழ்த்தி...

சின்ன முதலாளி சிரித்துச் சிரித்து மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகு தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

பிப்ரவரி 24, புதன்

வாத்தியார் சரியான விடைக்கு வட்டம் போடுவார். அதனால் வட்டம், ஆனால் மூடாத வட்டம். சரியாக இருக்க வேண்டியவன், இந்த ஒரு இடத்தில் தவறிவிட்டேன்.

பெரியவரிடம் நீட்டினேன். அவர் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு "வலது" என்றார். தாளைத் திருப்பினேன். "கீழே" என்றார். கண் பரிசோதனைப் பலகையில், திறப்பு எந்தப் பக்கம் என்று சொல்லச் சொல்கிற வளையம்.

கண்டவர்களெல்லாம் இன்று முழுக்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள்.

மார்ச் 1, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. பயறு மட்டும் வெந்தது.

மார்ச் 6, ஞாயிறு

மன்னிப்பு என்றால் என்ன, அழுகையா, குனிவதா, வெட்கமா? இப்படி யோசித்துக்கொண்டே துணி உலர்த்தியபோது பழையது ஒன்று ஞாபகம் வந்தது.

எனக்குப் பத்தொன்பது. கோயிலில் யாருக்கோ திதி. கொண்டுபோன நூறு அப்பத்தையும் வாசல்படியில் கவிழ்த்துவிட்டேன். மறுநாள் பெரிய முதலாளி என்னையும் இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார். செருப்பு விடுகிற பள்ளத்தில் இருவரும் நின்றோம். பூசாரியின் மனைவி மேலே, வீட்டுத் தரை விளிம்பில். என் கண்ணில் பட்டது அவர் காலுறைதான். பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு தையல். பெரிய முதலாளி பெட்டியை விளிம்பில் வைத்து, இரண்டு கையாலும் அவர் பக்கம் திருப்பி, மெல்லத் தள்ளினார். நான் தையலை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று.

பிறகு அந்தம்மாள் "மேல வாங்க" என்றார்.

அந்த வார்த்தைக்கு முன்னால் நின்றோமே, அதுதான். அழுததும் இல்லை, குனிந்ததும் இல்லை. கீழே நின்றதுதான்.

காலண்டர் தாளின் பின்னால் வரைந்தேன். படுக்கையாக ஒரு கோடு. அதற்குக் கீழே ஒரு புள்ளி. கோடு, உங்கள் வீட்டு விளிம்பு. புள்ளி, நான். மேலே வா என்று சொல்லும்வரை இங்கேதான்.

எத்தனை தரம் பார்த்தாலும் குசு இல்லை.

மார்ச் 8, செவ்வாய்

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் விரலால் தடவிப் பார்த்து, "சூடு கலங்காது" என்றார். அவர் வாயிலிருந்து அது ஒரு பாராட்டு விழா.

சின்ன முதலாளிதான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கினுயேக்கா, பெட்டி தலைகீழா இருந்தா புள்ளி மேல போயிடுமே. நான் உனக்கு மேலன்னு ஆயிடும்."

"அதுக்குத்தான் தம்பி. எடுத்துட்டுப் போறவன் பக்கம்தான் அது நேரா இருக்கும். எதிர்ல உக்காந்து, ரெண்டு கையாலயும் திருப்பி வெச்சாத்தான் அவங்க பக்கம் நேராகும். ஆள் போகாம இந்த அப்பம் மன்னிப்புக் கேக்காது."

இவ்வளவு நீளமாக நான் கேலியில்லாமல் பேசி அவர் கேட்டதில்லை. சரி என்றார். ஜூலை ஒன்றிலிருந்து மேஜை எனக்கு.

தோகிகோ பின்னால் வந்து இடுப்பைக் கிள்ளினாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம்கூட இல்லாத அடுப்படியில்.

ஏப்ரல் 19, செவ்வாய்

சூட்டுக்கோல் வந்துவிட்டது. என் கோடு, என் புள்ளி, இரும்பில். பெரியவர் என்னை ஒன்று போடச் சொன்னார். அழுத்தக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். மூன்றாவது அப்பத்தில் சரியாக விழுந்தது. கருகிய வாசனை வந்திருக்கும்.

இடதுகைக்காரி தோகிகோவும் ஒன்று போட்டாள். குறி சாய்ந்துபோனது. உன் மன்னிப்பு வழுக்கி விழுகிறது என்றேன்.

மே 12, வியாழன்

தச்சர் ஒருவர் ஒரே நாளில் மூன்று மன்னிப்புப் பெட்டி வாங்கினார். அப்படி என்னதான் செய்தீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. தோகிகோ என் ஏப்ரன் கயிற்றைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள்.

ஜூன் 13, திங்கள்

மழைக்காலப் புழுக்கம். சுவரே வியர்க்கிறது. சனிக்கிழமை கிண்டிய பூரணம் ஒரு பாத்திரம் மீதி. தோகிகோவைக் கூப்பிட்டேன். பின்கதவில் நின்று மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம். பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினேன். இரண்டடி முன்னால் வந்து, எட்டிப் பார்த்து, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அதை வைத்து நாற்பது அப்பம் பிடித்தேன். மேஜைக்குப் போக இன்னும் பதினெட்டு நாள்.

ஜூன் 15, புதன்

பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாளாம். சமாதானம் பேச நம் பெட்டியோடு போயிருக்கிறார் ஒருவர். மாமனார்க் கிழவர் நாளெல்லாம் செருப்புப் பள்ளத்திலேயே நிற்கவைத்து, கடைசியில் மேலே வா என்று கூப்பிட்டு, ஒரு அப்பத்தைக் கடித்து, துப்பினாராம். "உன் மன்னிப்புகூட ஊசிப்போச்சே" என்றாராம்.

அந்த மனுஷர் கடைக்கு வந்து கத்தவில்லை. பெட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கத்தியிருக்கலாம்.

ஜூன் 16, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலையில் சின்ன முதலாளி நாலு பேரையும் நிற்கவைத்துக் கேட்டார், திங்கட்கிழமைப் பூரணத்தை மோந்து பார்த்தது யார் என்று. நான் தோகிகோவைப் பார்த்தேன். அவள் முதலாளியைப் பார்த்தாள்.

"கினுயேக்காவுக்கு மூக்கு போய் ஏழு மாசமாச்சுங்க. சொல்லிடுக்கா, சொல்லிடுக்கான்னு நானும் எத்தனையோ தடவ சொன்னேன்."

எத்தனையோ தடவையா? எப்போ சொன்னே? எந்த அடுப்படியில, எந்த நாள்ல? ஒரு தடவ... ஒரே ஒரு தடவ சொல்லியிருந்தாலும் நான் நாக்கை அறுத்துக்கறேன். சொல்லாதே, நான் இருக்கேன்னுதானே சொன்னே. அக்காவாம். இருபத்திரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் நான் அவளுக்கு அக்கா.

"உண்மையா?" என்று கேட்டார் சின்ன முதலாளி.

"மூக்கு இருக்கு தம்பி, வேலைக்குத்தான் வர்றதில்ல" என்றேன். பாழாய்ப்போன வாய். யாரும் சிரிக்கவில்லை.

மீதிப் பாதியையும் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அன்றைக்கு நான்தான் பார்த்தேன், போனில் இருந்தேன், சரியாகப் பார்க்கவில்லை. ஒரு மூச்சில் சொல்லக்கூடியது. அவள் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

நான் ஏன் சொல்லவில்லை? சொன்னால் இருவருக்கும் வேலை போயிருக்கும், அதனால்தான் என்று எழுதினால் நான் நல்லவளாகத் தெரிவேன். பொய். அவள் சொல்லுவாள் என்று நின்றேன். அவ்வளவுதான். நின்றுகொண்டே இருந்தேன்.

ஜூன் 17, வெள்ளி

இன்று அவள் எனக்கு முன்னால் வந்து அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். என் அடுப்பையும்.

ஜூன் 30, வியாழன்

கடைசி நாள். என்னை நிறுத்தியது நாற்பது அப்பம் கெட்டுப்போனதற்காக இல்லையாம். ஏழு மாதம் மறைத்ததைப் பெரிய முதலாளியால் தாங்க முடியவில்லையாம். அதிலும் நியாயம் இருக்கிறது. மறைத்தேன்தான்.

சின்ன முதலாளி வாசல்வரை வந்தார். "கினுயேம்மா, உங்க குறி எப்பவும் இந்தக் கடையில இருக்கும்." கினுயேம்மா! நேற்றுவரை கினுயேக்கா. நாலு வயசில் என் முதுகில் ஏறி மூக்கைத் துடைத்த பிள்ளை.

மேஜை தோகிகோவுக்கு. சூட்டுக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜூலை 9, சனி

காலையில் கதவைத் திறந்தால் வெளியே படியில் ஒரு பெட்டி. மணி அடிக்கவில்லை. பேர் இல்லை, சீட்டு இல்லை. பிரித்தேன். பன்னிரண்டு அப்பம், பன்னிரண்டிலும் என் குறி. எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பேர் எதற்கு?

வைத்த கையோடு ஓடியிருக்கிறாள். பெட்டி அவள் பக்கம் பார்த்தபடியே கிடந்தது. வாசலுக்குள் நின்று பார்த்தால் எனக்குப் புள்ளி மேலே தெரிந்தது, கோட்டுக்கு மேலே. பன்னிரண்டு தோகிகோ என் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் சின்ன முதலாளியிடம் விளக்கிச் சொன்னபோது பக்கத்திலேயே நின்றவள். இடுப்பைக் கிள்ளியவள். ஊரில் எவன் மறந்தாலும் இவள் மறக்கலாமா? ஒரு மணியை அழுத்தி, நான் வரும்வரை கீழே நின்று, திருப்பி வைத்திருந்தால்... வாயைத் திறக்கக்கூட வேண்டாமே. வாய் திறக்க வராதவர்களுக்குத்தானே அந்தக் குறியைச் செய்தேன்.

ஜூலை 10, ஞாயிறு

பெட்டி நேற்று வைத்த இடத்திலேயே இருக்கிறது. இன்று என்ன தோன்றியதோ, உட்கார்ந்து நானே இரண்டு கையாலும் அதைத் திருப்பினேன். புள்ளி கீழே வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்தது.

திருப்பியது என் கை.

ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். நல்லதா, ஊசினதா? எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் இதற்கு அவளைக் கூப்பிடுவேன்.

ஜூலை 11, திங்கள்

பெட்டியைத் திருப்பி அனுப்பினால், மன்னிக்கமாட்டேன் என்று அர்த்தம். தின்றால், மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம். மேல்வீட்டு அசானோவிடம் கொடுத்துவிட்டேன். "ஆகா, வாசனை" என்றார்.

ஆகஸ்ட் 15, திங்கள்

செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போகிற நாட்கள். கல்லறைக்குப் பூ வாங்கிக்கொண்டு வரும்போது பாலத்தில் எதிரே தோகிகோ. நின்றாள். இடுப்பு வளையக் குனிந்தாள், வங்கிக்காரரிடம் குனிவதுபோல.

"நல்லா இருக்கீங்களா?"

முள்ளங்கி என்று தொண்டை வரைக்கும் வந்தது. அதைப் பற்றிப் பேசுவாளோ என்று பார்த்தேன். கையில் பையை இறுக்கிக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்றாள்.

"நல்லா இருக்கேங்க" என்றேன். நானும் குனிந்தேன். அவளைவிட ஒரு விரல்கடை அதிகமாகவே குனிந்தேன், பார்த்துக்கொள் என்று.

அவள் கால் மெலிந்துபோயிருக்கிறது.

செப்டம்பர் 2, வெள்ளி

வெந்நீரூற்று விடுதிகளுக்கு விரிப்பு வெளுக்கிற சலவைக்கூடத்தில் எடுத்துக்கொண்டார்கள். நேற்று முதல் நாள். ஆறு பேர். கை கழுவியதும் முதல் வேலையாக எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன், எனக்கு மூக்கு வராது என்று. மேற்பார்வை செய்கிற செகினே இடுப்பில் கை வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடி அதிர்ஷ்டக்காரி, அழுக்குப் பிரிக்கிற இடத்துல நில்லு."

நன்றாகச் சிரித்தார்கள். நானும்தான். ஒரே ஆளிடம் மட்டும் சொல்லிவைப்பது இனிமேல் இல்லை.

நவம்பர் 8, செவ்வாய்

மேட்டு விடுதிக்காரர்கள் விரிப்புகளைப் பெயர் மாற்றி அனுப்பி, போன வாரம் எங்களை இரண்டு நாள் அலையவிட்டார்கள். அதற்கு மன்னிப்பாக இன்று ஒரு பெட்டி வந்தது. பார்சல்காரர் கொண்டுவந்து, ரசீதில் முத்திரை வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் வேலை செய்த கடை அப்பம். குறியை மாற்றியிருக்கிறார்கள். கோடு அப்படியேதான் இருக்கிறது. கீழே ஒரு புள்ளி. இப்போது மேலேயும் ஒரு புள்ளி. உள்ளே சின்னத் தாள் ஒன்று: எந்தப் பக்கம் திறந்தாலும் நேராக இருக்கும், தபாலிலும் அனுப்பலாம் என்று அச்சடித்திருந்தது. நல்ல யோசனைதான். நன்றாக விற்கும்.

செகினே ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இது என்னடி குறி? வகுத்தலா?"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன்.

"ஆமா," என்றேன். "வகுத்தல்தான்."

பன்னிரண்டு அப்பம், ஆறு பேர். தலைக்கு இரண்டு வந்தது.